நுனியிலிருந்து வாரிய கை

ஈர முடியை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்து, நுனியிலிருந்து வேர்ப்பக்கமாக விரலை ஓட்டினால் ஒரு சத்தம் வரும். கீச்சென்று மெலிதாக. தூரத்தில் ஒரு கிணற்று ராட்டினம், இறைக்க யாருமில்லாமல், தானே சுற்றிக்கொள்வதைப் போல.

போன மாதம் அந்தச் சத்தத்தை ஓர் இயந்திரம் போட்டது. எங்கள் முடிக் கம்பெனிக்குப் புதிதாக வந்திறங்கிய கண்ணாடிப் பெட்டி. உள்ளே ஒற்றை முடியை நரம்புபோல் கட்டி நிறுத்துகிறார்கள். சின்னச் சக்கரம் ஒன்று அதன்மேல் உரசிக்கொண்டு போகிறது, வருகிறது. பக்கத்தில் பேனா காகிதத்தில் கோடு இழுக்கிறது. வேரிலிருந்து நுனிக்குப் போகும்போது கோடு சமதரை. நுனியிலிருந்து வேருக்கு வரும்போது கோடு முள்வேலி.

நான் அன்று வேலையிலிருந்து நிற்க வந்தவள். கட்டைவிரல் மரத்துப் போய்விட்டது. கையெழுத்தோடு கைநாட்டும் வைக்கச் சொன்ன ஆபீஸ் பையன் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அக்கா, உங்க வெரல்ல ரேகையே இல்ல" என்றான். முப்பது வருஷத்துக்கு மேல் முடியை உரசி உரசிப் பார்த்த விரல். முடி என்னைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறது. எந்தெந்த ஊர்த் தலைகளில் என் ரேகை இன்று குடியிருக்கிறதோ.

பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற பெண்கள், "அக்கா, இது காட்டறத நீங்க கையாலயே சொல்லுவீங்களாமே. அதெல்லாம் எங்களுக்கு எழுதிக் குடுத்துட்டுப் போங்க" என்றார்கள். தொழில் நுணுக்கம் எழுதுவேன் என்று எதிர்பார்த்தார்கள். எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் அந்தக் கீச்சுச் சத்தம் காதைவிட்டு இறங்க மறுக்கிறது. அது என்னை ஒரே ஒரு மத்தியானத்துக்குத்தான் இழுத்துக்கொண்டு போகிறது. அதையே எழுதுகிறேன். நுணுக்கம் வேண்டுமானால் அதற்குள்ளேயே கிடக்கிறது.

ஐம்பதுகளில் இங்கே தொழிற்பேட்டை கிடையாது. நெல், சவுக்கு, அவற்றுக்கு நடுவில் ரயில். கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை இருந்தது. பழவேற்காட்டு வியாபாரக் குடும்பம் ஒன்றினுடையது. முதலாளி எப்போதாவது வருவார். கொட்டகையை நடத்தியவர் காதர் மேஸ்திரி.

அங்கே மின்விசிறி இல்லை. கதவு, சன்னல் எதையும் திறக்கக் கூடாது. காற்று வந்தால் முடி பறக்கும். தகரத்தில் ஆணி விழுந்த ஓட்டைகள் வழியாக வெயில் கம்பி கம்பியாக இறங்கும். ஒவ்வொரு வெயில் கம்பியிலும் முடிகள் மிதந்துகொண்டிருக்கும். எந்தப் பெண் எப்போது உதிர்த்ததோ தெரியாத முடி. சோற்றில் கிடைக்கும், கண்ணிமையில் ஒட்டும், ஊட்டுக்குப் போய்ப் பாயில் படுத்தால் முதுகில் ஊரும். முதல் வருஷம் முழுக்கத் தும்மினேன். அடுத்த வருஷம் முடி கழுவினேன். அதற்கப்புறம் ஆணிப்பலகைக்கு வந்தேன். நெருக்கமாக ஆணி நட்ட பலகை அது. முடிக்கற்றையை அதன்மேல் வீசி இழுத்துச் சிக்கெடுக்க வேண்டும். என் பயிற்சி அவ்வளவுதான். மிச்சமெல்லாம் மேஸ்திரியின் கையைப் பார்த்துக் கற்றது.

அவர் உயரமானவர். வெள்ளைச் சட்டை, தோளில் வெள்ளைத் துண்டு. முடியைத் தொடும் முன்னால் கை கழுவுவார், தொட்டு முடித்த பின்னும் கழுவுவார். அதட்ட மாட்டார். தப்பு செய்தவள் பக்கத்தில் வந்து சும்மா நிற்பார். அவர் நிழல் மேசையில் விழுந்தால் போதும், செய்ததைப் பிரித்து மறுபடி ஆரம்பிப்போம்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் ஒற்றை முடியை என் விரலிடுக்கில் வைத்து, "தேயி" என்றார். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் முன்னும் பின்னும் தேய்த்தேன். முடி நகர்ந்தது. நான் இழுக்கவில்லை, தள்ளவில்லை. அது பாட்டுக்கு என் விரலிடுக்கிலிருந்து மேலே மேலே ஏறிவந்து எட்டிப் பார்த்தது. உதறிவிட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

"பயந்துகினியா? அதுக்கு உசுரு இல்லம்மா. செதில் இருக்குது" என்றார்.

பனைமரத்தைச் சொல்லித்தான் புரியவைத்தார். வெட்டிய மட்டையின் அடிகள் மேல்நோக்கி நிற்குமே, அதுபோல முடியின்மேல் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் நுனியைப் பார்த்து நிற்கின்றன. வேரிலிருந்து நுனிக்குத் தடவினால் வழுக்கும். எதிர்ப்பக்கம் தடவினால் பிடிக்கும். அதனால் விரலிடுக்கில் உரசும் முடி எப்போதும் தன் வேர் இருந்த பக்கமாகவே நடக்கும். தலையைப் பார்த்து. வெட்டி எடுத்து எத்தனை வருஷம் ஆனாலும், அந்தத் தலையே மண்ணுக்குள் போய்விட்டாலும், அது தலையைப் பார்த்துத்தான் நடக்கும்.

அவர் இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்தவில்லை. வெண்டைக்காய் முற்றலா என்று பார்க்கச் சொல்லிக்கொடுப்பதைப் போலத்தான் சொன்னார். அன்று ராத்திரி என் சடையைப் பிரித்துப் போட்டுக்கொண்டு படுக்க எனக்குத் தைரியம் இல்லை.

கொட்டகையில் இரண்டு மேசை, நடுவில் தட்டி. ஒன்று வேண்டுதல் முடிக்கு. திருத்தணி மாதிரி இடங்களில் மொட்டை போட்ட முடி. வேர்ப்பக்கம் நூல் கட்டி, எல்லாம் ஒரே திசையில் மூட்டையாக வரும். இன்னொன்று சிக்கு முடிக்கு. பெண்கள் சீப்பில் வந்ததைச் சுருட்டிக் கூரையில் செருகி வைப்பார்களே, அதை ஊசிக்கும் ரிப்பனுக்கும் மாற்றி வாங்கி வருவார்கள். அந்தச் சுருளில் வேரும் நுனியும் கலந்து கிடக்கும். ஒரு முடி வடக்கே நடந்தால் பக்கத்து முடி தெற்கே நடக்கும். ஈரமும் சூடும் உரசலும் பட்டால் ஒன்றை ஒன்று பிடித்து இழுத்துக்கொண்டு கடைசியில் கம்பளிபோல் இறுகிவிடும். பிறகு அதைப் பிரிக்கவே முடியாது. அதை மெத்தைக்கு அடைக்கத்தான் அனுப்புவோம்.

"அந்த மேசை முடி இந்த மேசைக்கு வந்துச்சின்னா, நான் வேலைய வுட்டுட்டுப் போய்க்கினே இருப்பேன்" என்று வாரத்துக்கு ஒருமுறையாவது சொல்வார். எங்களை வெளியே அனுப்புவேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

சிக்கெடுப்பதில் அவருக்கென்று ஒரு முறை உண்டு. இடதுகையால் கற்றையை மேலே இறுகப் பிடித்துக்கொள்வார். சீப்பை நுனியில் வைத்து, விரற்கடை அளவு வாரி, கொஞ்சம் மேலே ஏறி, மறுபடி நுனிவரை வாரி, இன்னும் கொஞ்சம் மேலே ஏறுவார். இழுப்பு இடதுகையைத் தாண்டி மேலே போகாது. "வேருக்கு வலி தெரியக் கூடாது" என்பார்.

என் பக்கத்து ஆணிப்பலகையில் நின்ற சரோஜாவுக்கு வாய் அதிகம். "மேஸ்திரி, இந்த முடிக்கு வேரு ஏது? அது திருத்தணியிலயே நின்னுபூட்ச்சி" என்றாள் ஒருநாள்.

"கைக்கு ஒரே பழக்கந்தான் இருக்கணும் சரோஜா. இங்க ஒண்ணு, ஊட்ல ஒண்ணுன்னு இருந்தா அது பேஜாரு."

ஊட்ல என்றால் அவர் மனைவி. பழவேற்காட்டில் படுத்த படுக்கையாகக் கிடந்தார். கொட்டகைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. வியாழன் மாலையே மேஸ்திரி கிளம்பிவிடுவார். அந்த அம்மாவுக்குத் தலை வாரிவிடுவது அவர்தான், வேறு யாரையும் தொட விடுவதில்லை என்று முதலாளி வீட்டு வண்டிக்காரர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். பேர் தெரியாது. அவர் வாயில் அந்தப் பேர் வந்து யாரும் கேட்டதில்லை. எப்போதும் ஊட்ல, ஊட்லதான்.

வேலை விஷயமாக ஒரே ஒருமுறை அந்த அம்மாவைப் பற்றிச் சொன்னார். தேய்மானத்தை எங்களுக்குக் காட்டிக்கொண்டிருந்த நேரம். தண்ணீர்க்குடம் சுமக்கிறவள் உச்சிமுடி சும்மாட்டில் அரைந்து எப்படி முறிந்திருக்கும், சீப்பு போடாமல் சும்மா முடிந்துகொள்கிறவள் முடி எந்த இடத்தில் நைந்திருக்கும் என்று ஒவ்வொன்றாகத் தேய்த்துப் பார்க்கச் சொன்னார். கடைசியில், "எல்லாத்தவிடவும் கஷ்டம், படுத்தே கெடக்கறவங்க தலை. பின்னாடி முடி தலையாணியில அரைஞ்சி அரைஞ்சி செதிலே இல்லாம பூடும். தேய்ச்சா நடக்காது. செத்த மாதிரி நிக்கும். முன்னாடி முடி அப்பிடியே புதுசா இருக்கும், வெரல்ல வச்ச ஒடனே ஓடும். ஒரே தலையில ரெண்டு வயசும்மா" என்றார்.

அடுத்த மழைக்காலத்தில் அவர் வியாழக்கிழமைகளில் கிளம்புவதை நிறுத்திவிட்டார். என்னவென்று அவர் சொல்லவில்லை, நாங்கள் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமைகளிலும் கொட்டகையிலேயே இருந்தார். பூட்டின கதவுக்குப் பின்னால் என்ன செய்தாரோ, சனிக்கிழமை நாங்கள் வரும்போது ஆணிப்பலகைகள் பளபளவென்று துடைத்திருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு தாய் கல்யாணச் சவுரி கேட்டு வந்தாள். எங்கள் சரக்கெல்லாம் பட்டணத்துக்குப் போவதுதான். உள்ளூருக்கு எப்போதாவது ஒன்று செய்து தருவோம். தன் முடியோடு சேர்த்துப் பின்னிக்கொள்கிற பொய்ச்சடை. பெண்ணின் பேர் வசந்தா. காய்ச்சலில் முடி கொட்டித் தோள்வரைதான் வளர்ந்திருக்கிறது. மாப்பிள்ளை வீடு ஆரம்பாக்கத்தில், நெல் வயல் வைத்திருக்கும் குடும்பம். "முட்டிவரைக்கும் தொங்கணும். நேரமில்ல மேஸ்திரி" என்றாள். மேஸ்திரி தானே செய்வதாகச் சொன்னார். ஒரு வெள்ளிக்கிழமை உட்கார்ந்து செய்து முடித்துவிட்டார். சனிக்கிழமை பார்த்தபோது எங்கள் எல்லோருக்கும் பொறாமையாக இருந்தது. கையில் எடுத்தால் கனம். நல்ல பாம்பின் மினுமினுப்பு.

அறுப்பு முடிந்த பருவத்தில் அந்தத் தாய் திரும்பி வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. மேஸ்திரியிடம் பேசாமல் அவர் காலடியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஏறுது மேஸ்திரி."

"இன்னாம்மா ஏறுது?"

"சவுரி. எம்பொண்ணு தலைக்கு ஏறிக்கினே வருது."

அவள் அழுதுகொண்டே சொன்னதை நான் ஒழுங்காகச் சொல்கிறேன். பெண் பார்க்க வந்தபோதே வசந்தாவுக்குச் சவுரி வைத்துத்தான் காட்டியிருக்கிறார்கள். அது எங்களிடம் வாங்கியதில்லை, சொந்தக்காரப் பெண் ஒருத்தியிடம் இரவல். மாமியாருக்கு அந்தச் சடையின்மேல்தான் ஆசை. கல்யாணத்துக்குப் பிறகு சவுரியைக் கழற்றினால் குட்டு வெளிப்படும் என்று அந்தப் பெண் கழற்றவே இல்லை. அதோடு தூங்கினாள். அதோடு தலை முழுகினாள். கொஞ்ச நாளில் நுனி முடிச்சு போட்டது. அப்புறம் முடிச்சு கட்டியாயிற்று. ஒவ்வொரு காலையும் கட்டி கொஞ்சம் மேலே வந்திருக்கும். முட்டிவரை தொங்கிய சடை இடுப்புக்கு வந்து, முதுகுக்கு வந்து, இப்போது பிடரியில் தேங்காய்போல் உட்கார்ந்திருக்கிறது. அவள் சொந்த முடியையும் உள்ளே இழுத்துக்கொண்டுவிட்டது. மாமியார் வீட்டில் அது பேய் என்று முடிவாகிவிட்டது. நாளை வெள்ளிக்கிழமை உச்சிவேளையில் ஏரிக்கரைப் புளியமரத்தில் அவள் முடியை ஆணி வைத்து அறைந்து அறுக்கப் பூசாரிக்குச் சொல்லியாயிற்று.

"அறுத்துட்டா அப்பறம் எங்க ஊட்டுக்கேதான் தொரத்துவாங்க. பேய் புடிச்ச பொண்ண யாரு வச்சிக்குவா? சவுரின்னு சொன்னாலும் எங்கூடுதான்" என்றாள்.

"பொண்ணு எங்க?"

"வெளிய. மாமியாரும் வந்துகீறா. பழவேற்காட்டு பாய் ஒருத்தரு ஓதி ஊதுவாருன்னு சொல்லித்தான் கூட்டியாந்தேன். சாயங்கால ரயிலுக்குள்ள எடுத்துக் குடுங்க. உங்க கையால செஞ்சது."

மேஸ்திரி எழுந்து கை கழுவினார். வழக்கத்தைவிட அதிக நேரம்.

வெளியே வேப்பமரத்தடியில் மாமியார் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். கட்டை குட்டையான பெண்மணி. சுருக்குப்பை இடுப்பில். மேஸ்திரியைப் பார்த்ததும், "நீதான் ஓதறவரா நைனா? எம்மருமவ தலையில ஏறிக்கினு எறங்காம கீறது எந்த ஊரு கழுதைன்னு கேளு" என்றாள்.

"எனக்கு ஓதத் தெரியாதும்மா. சிக்கு எடுக்கத் தெரியும்."

"எல்லாம் ஒண்ணுதான். எடு."

கதவைச் சாத்த வேண்டும், காற்று ஆகாது என்று அவர் சொன்னதில் பொய் இல்லை. அந்தத் தாயை மாமியாருக்குத் துணையாக வெளியே விட்டோம். மற்றப் பெண்களைத் தட்டிக்கு அந்தப் பக்கம் அனுப்பினார். என்னை மட்டும் இருக்கச் சொன்னார்.

வசந்தா முக்காட்டை எடுத்தாள். நான் அப்படி ஒன்றை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. கறுப்பாக, உருண்டையாக, மினுமினுப்பே இல்லாமல், ஏதோ ஒரு பிராணி அவள் பிடரியில் சுருண்டு தூங்குவதைப் போல இருந்தது. விளக்கெண்ணெயைச் சூடாக்கி ஊற்றினோம். தண்ணீர் பட்டால் இன்னும் இறுகும். எண்ணெய் உள்ளே இறங்கும்போது உருண்டை லேசாக அசைந்தது. எண்ணெயில் முடி நெகிழ்ந்தால் அப்படி அசையும். அது எனக்குத் தெரியும். ஆனாலும் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

இந்த வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். கண்ணாடிப் பெட்டி இதற்கு உதவாது. உருண்டைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு முடியைப் பிடிக்க வேண்டும். விரலிடுக்கில் தேய்த்து அது எந்தப் பக்கம் நடக்கிறது என்று பார்க்க வேண்டும். நடக்கும் பக்கமாக இழுத்தால் செதில் படிந்து வழுக்கிக்கொண்டு வெளியே வரும். எதிர்ப்பக்கம் இழுத்தால் செதில்கள் நிமிர்ந்து பக்கத்து முடிகளையெல்லாம் கவ்வி, உருண்டை ஒரு சுற்று இறுகிவிடும். அந்தப் பெண்ணின் சொந்த முடிக்கு வேர் தலையில் இருக்கிறது, அதைத் தலையைப் பார்த்து உருவ வேண்டும். இப்படி ஒவ்வொரு முடிக்கும் கேட்டுக் கேட்டு வழிவிட வேண்டும். அவசரப்பட்டால் புளியமரம்தான்.

மத்தியானச் சாப்பாட்டை மறந்து செய்தோம். மேல்தோலாக இருந்த வேண்டுதல் முடி சொன்னபடி கேட்டது. உருண்டை கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. உள்ளே போகப் போக என் விரலுக்கு ஏதோ மாறியது. இழைகள் மெலிந்தன. ஒரு முடி வடக்கே நடந்தது, அடுத்தது தெற்கே. சிக்கு முடி. மேஸ்திரி கையால் செய்த சவுரியின் வயிற்றுக்குள் சிக்கு முடி.

அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

அடுத்த முடியைத் தேய்த்தேன். அது நடக்கவே இல்லை. திருப்பித் தேய்த்தேன். நின்றது நின்றபடி இருந்தது.

"மேஸ்திரி, இது நடக்கல."

"தேஞ்சிருக்கும். எடு."

அடுத்தது விரலில் வைத்ததுமே ஓடியது. அதற்கடுத்தது நின்றது. இன்னொன்று நின்றது. ஒன்று ஓடியது. எல்லாம் ஒரே நிறம், ஒரே பருமன், ஒரே நரை ஓட்டம். ஒரே தலை. பின்பக்கம் செதிலே இல்லாமல் அரைந்து போய், முன்பக்கம் புத்தம் புதிதாக இருந்த ஒரு தலை. ஒரே தலையில் இரண்டு வயது. தகர ஓட்டையிலிருந்து இறங்கிய வெயில் கம்பியில் அந்த முடிகளில் ஒன்று மிதந்துபோயிற்று. கொட்டகைக்குள் காற்றே இல்லை. அது போய் மேஸ்திரியின் சட்டைக்கையில் உட்கார்ந்தது.

அதுவரை வாயே திறக்காமலிருந்த வசந்தா அப்போதுதான் பேசினாள். கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

"அவங்க சொல்றாப்பல எனக்குப் பயமா இல்ல மேஸ்திரி. பூசாரி கேட்டப்பவும் அதான் சொன்னேன். அடிச்சாங்க. பயமா இல்லன்னு சொன்னதுக்குத்தான் அடிச்சாங்க."

"இன்னாம்மா பண்ணும்?"

"வாரி வுடும்."

நான் எண்ணெய்க் கிண்ணத்தை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"விடியக்கால படுத்துக்கினு இருப்பேன். யாரோ தலை வாரி வுடற மாதிரி இருக்கும். கீழ நுனியிலேர்ந்து. கொஞ்சம் வாரும், நிக்கும். அப்பறம் கொஞ்சம் மேல. ஒரு கை மேலயே புடிச்சிக்கும். அதனால வலி தெரியாது. எங்கம்மா கூட அப்பிடி வாரனதில்ல. இது எனக்கு வாரறது இல்லன்னு தோணும். யாருக்கோ வாரனது, எந்தலையில நடந்துகினு இருக்குது."

மேஸ்திரியின் கைகள் நின்றுவிட்டன. வெளியே மாமியாரின் குரல் கேட்டது, ஒரு சரக்கு ரயில் போய் முடிந்தது. அவர் முகத்தை நான் பார்க்கத் துணியவில்லை. அவர் கைகளைத்தான் பார்த்தேன். எண்ணெய் வழியும் நீளமான விரல்கள்.

பிறகு அவர் இடதுகையை அவள் தலையில் வைத்தார். முடியை மேலே இறுகப் பிடித்துக்கொண்டார். வலதுகையால் நுனியைத் தொட்டு, விரற்கடை அளவு வாரி, நிறுத்தி, கொஞ்சம் மேலே ஏறி வாரினார்.

"இதே மாதிரிதான்" என்றாள் வசந்தா, கண்ணைத் திறக்காமல்.

நுனியிலிருந்து அவர் ஒவ்வொன்றாக எடுத்தார். அந்த முடிகளை அவர் தேய்த்துப் பார்க்கவில்லை. எது எந்தப் பக்கம் போகும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. வெயில் கம்பிகள் சாய்ந்து சுவரில் ஏறியபோது உருண்டை முழுசாக அவர் உள்ளங்கைக்கு வந்துவிட்டது. வசந்தாவின் சொந்த முடியில் பாதியைக் காப்பாற்றிவிட்டோம். தோளைத் தொட்டும் தொடாமலும் எண்ணெய் சொட்ட நின்றது. அவள் பிடரியைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். நிம்மதி என்று சொல்ல முடியாத ஒரு முகம். பக்கத்து ஊட்டில் குடியிருந்தவர்கள் காலி செய்துகொண்டு போன மறுநாள் காலையில் சில பேருக்கு அப்படி முகம் இருக்கும்.

மேஸ்திரி தோள் துண்டை விரித்து உருண்டையை வைத்து நான்கு மூலையும் மடித்தார். வசந்தா எண்ணெய் துடைக்கத் தட்டிக்கு அந்தப் பக்கம் போன பிறகு, என்னைப் பார்க்காமலே தணிந்த குரலில் பேசினார்.

"தனம், அந்த மேசை முடி இந்த மேசைக்கு வந்துட்டுது."

நான் எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

"எங்களுக்கு உதுந்த முடியப் பொதைக்கறதுதான் மொறை. ஊட்ல வாரும்போது வந்த முடியெல்லாம் பொதைக்கத்தான் டப்பாவுல சேத்து வச்சிருந்தேன். கை வரல. நாலு செவுத்துக்குள்ளயே கெடந்தா. ஒரு கல்யாணப் பொண்ணு தலையில கொஞ்சம் நடமாடட்டுமேன்னு வச்சிட்டேன்." மடித்த துண்டைக் கையால் அழுத்தினார். "சிக்கு முடி இன்னா பண்ணும்னு உங்களுக்கெல்லாம் சொல்லிக் குடுத்தவன். தெரிஞ்சிதான் வச்சேன். இது பண்ணாதுன்னு நெனைச்சிக்கினேன்."

வாரத்துக்கு ஒருமுறை சொன்ன சொல்லை அவர் காப்பாற்றினார். அன்று மாலையே துண்டு மூட்டையோடு பழவேற்காட்டுக்குப் போனவர் அப்புறம் கொட்டகைக்கு வரவில்லை. ஆனால் வசந்தாவை அனுப்பிவிட்டுத்தான் போனார். அதையும் சொல்லிவிடுகிறேன்.

அலமாரியிலிருந்து புதிய சவுரி ஒன்றை எடுத்து, துடைத்துவிட்டுத் திரும்பி வந்த வசந்தாவின் முன்னால் வைத்தார். எல்லாம் ஒரே திசை, தானே சோதித்தது என்றார். ராத்திரி கழற்றி வைக்க வேண்டும், அதோடு தலை முழுகக் கூடாது என்றார். உள்ளே வந்து கதவைச் சாத்திய தாய் அதை வாரி எடுத்துக்கொண்டு பெண்ணின் தலைக்குக் கொண்டுபோனாள். வசந்தா தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாணாம்மா."

"மாமியா வெளியவே குந்திகினு கீறாடி."

"தெரியும்."

"வாழ்க்கையே பூடும்டி."

"இத வச்சிக்கினும் பூடத்தான் பாத்துச்சி" என்று சொல்லிவிட்டு வசந்தா தானே போய்க் கதவைத் திறந்தாள். காற்று உள்ளே வந்தது. மேசைமேல் இருந்ததெல்லாம் பறந்தது. மேஸ்திரி கதவைச் சாத்தப் போகவில்லை.

வேப்பமரத்தடியிலிருந்து மாமியார் எழுந்தாள். மருமகளைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தாள். தோள்வரை நின்ற முடியின் நுனியை எடுத்து விரலால் தேய்த்தாள்.

"இவ்ளோதானா?"

"இவ்ளோதான்."

"பொண்ணு பாக்க வந்தப்ப தொங்கனது?"

"எரவல்."

"இத்தினி நாளா தொங்கனது?"

"இங்க வாங்கனது."

மாமியார் மூச்சை இழுத்து விட்டாள். அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் வேப்பமரத்து வேரிலேயே மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

"மூணு வாரமா கண்ண மூடலடி நான். சாமி அறைக்குப் பக்கத்துல படுத்துக்கினு உன்னயே பாத்துக்கினு கெடந்தேன். சவுரியாடி?" சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். கோபமா, சிரிப்பா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. "பேசிக்கலாம். ஊட்ல போயி நல்லாப் பேசிக்கலாம். பூசாரிய வர வாணாம்னு சொல்லணும். அவனுக்குன்னு கோழி வேற புடிச்சிக் கட்டிப் போட்டுகீது. அத நாமளே ஆக்கித் தின்னுக்கலாம். நட, ரயிலு வந்துரும்."

மூன்று பேரும் தண்டவாளத்தை ஒட்டிய ஒற்றையடிப் பாதையில் நடந்தார்கள். மேஸ்திரி துண்டு மூட்டையை மார்போடு வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். நான் அவர் பின்னால் நின்றேன். நாங்கள் பேசியது எதையும் வசந்தா கேட்டிருக்க முடியாது. அவள் அப்போது தட்டிக்கு அந்தப் பக்கம் எண்ணெய் துடைத்துக்கொண்டிருந்தாள். இன்றுவரை நான் அதைப் பலமுறை யோசித்துப் பார்த்துவிட்டேன்.

கொஞ்ச தூரம் போனவள் நின்றாள். மற்ற இருவரையும் முன்னால் போகவிட்டுத் திரும்பி வந்தாள். மேஸ்திரியின் முகத்தை அவள் பார்க்கவில்லை, மார்போடு இருந்த மூட்டையைப் பார்த்தாள்.

"அவங்க பேரு இன்னா மேஸ்திரி?"

அவர் வாய் திறந்து, மூடி, மறுபடி திறந்தது.

"ஜெய்த்தூன்" என்றார்.